டெலிவிஷன் ஸ்பானிஷோடு கடத்தூருக்கு

பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த பஸ்ஸில் மதர் பிலார் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். எட்டு வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவள் நான். ஜன்னல் எனக்கு வேண்டியிருக்குமே என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் வாய் திறந்து கேட்கவில்லை. ஓசூர் தாண்டியதையும் கிருஷ்ணகிரி மலை தெரிந்ததையும் அவருடைய முக்காட்டுக்கு மேலே எக்கி எக்கித்தான் பார்த்தேன். "எவ்வளவு வறட்சி, பாவம்" என்று அவர் ஸ்பானிஷில் சொன்னார். ராகி அறுத்து முடித்த நிலம் தை மாதத்தில் வேறு எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது அடுத்த ஐந்து நாளும் இறங்கவில்லை.

மதர் பிலார் வடக்கு ஸ்பெயினில், மழை ஓயாத ஒரு நகரத்தில், முதியோர் இல்லம் நடத்தும் கன்னியர் மடத்தின் தலைவி. நான் அங்கே வேலை செய்கிறவள். பெயர் லூர்துமேரி, அங்கே லூர்தெஸ். பின் சீட்டில் ஹூலியான் என்ற காமிராக்காரர் சினிமாப் பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தர்மபுரி ஜில்லாவில் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து எட்டுப் பெண்களை மடத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு மொழிபெயர்க்க நான் வரவேண்டும் என்று புறப்படும்போது சொன்னார்கள். பட்டியலில் முதல் பெயர் என் அக்கா மகள் செலின் என்பதைப் பெங்களூரில் இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். அக்காவே மடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள்.

அறுபத்தாறில், எனக்குப் பதினேழு வயதில், நர்ஸ் படிப்பு என்று சொல்லித்தான் என்னையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சலவைக் கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நூற்றுக்கு மேல் கிழவர்கள், கிழவிகள். அவர்களுடைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை எல்லாம் எங்கள் கையில்தான். எனக்குத் தேவ அழைத்தல் இல்லை, கன்னியர் ஆக முடியாது என்று இரண்டாம் வருஷமே சொல்லிவிட்டார்கள். துணி துவைக்க அழைத்தல் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் நான் ஊருக்கு எழுதவில்லை. முதல் கடிதத்தில் 'படிப்பு ஆரம்பித்துவிட்டது' என்று எழுதினேன். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஆரம்பித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியது அது. இரண்டாம் வருஷம் 'பாஸ் செய்துவிட்டேன்' என்று எழுதினேன். அதற்கு நம்பிக்கை காரணமில்லை, வெட்கம்தான் காரணம். மதர் மேல் எனக்குக் கோபம் வந்தபோதெல்லாம் அந்தக் கடிதமும் கூடவே ஞாபகம் வந்து, முழுசாகக் கோபப்படவிடாமல் செய்தது.

ஸ்பானிஷையும் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிழவர்களுக்காகப் பெரிய கூடத்தில் ஒரு டெலிவிஷன் பெட்டி இருந்தது. சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் நாங்கள் உலர்ந்த விரிப்புகளை அங்கே கொண்டுவந்து மடிப்போம். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு முனை. பெட்டியைப் பார்த்து நிற்பவளுக்குப் படம் தெரியும், எதிரே நிற்பவளுக்குச் சத்தம் மட்டும். அதனால் ஒவ்வொரு விரிப்புக்கும் இடம் மாறிக்கொள்வோம். ஒரு காட்சியில் பார்த்த மூஞ்சியை அடுத்த காட்சியில் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படித்தான் எனக்கு அந்த பாஷை வந்தது.

எல்லாம் அமெரிக்கத் தொடர்கள். குதிரை, துப்பாக்கி, ஆஸ்பத்திரி, துப்பறிகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜா ராணிப் படங்கள். எல்லாரும் ஸ்பானிஷ் பேசினார்கள், ஆனால் வாய் ஒரு பக்கம் போக, பேச்சு ஒரு பக்கம் போனது. கடத்தூர் டூரிங் கொட்டகையில் படமும் சத்தமும் ஒட்டாவிட்டால் நாங்கள் ஆபரேட்டரைப் பார்த்துக் கத்துவோம். அதே பழக்கத்தில் ஒரு நாள் திரும்பிப் பார்த்து "ஏய், சத்தம் பிந்துது" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஆபரேட்டர் எங்கே இருக்கிறார்? பின்னால் மாதா சுரூபம்தான் இருந்தது. ஒரு கிழவர் சிரித்துவிட்டு விளக்கினார். நடிகர்கள் பேசுவது இங்கிலீஷ், மெக்சிகோவில் யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஸ்பானிஷில் பேசிச் சேர்க்கிறார்கள். "எங்கள் நாட்டில் எல்லாமே டப்பிங்தான் பெண்ணே. நிஜக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை."

நான் கற்ற முதல் வாக்கியம் 'கையை மேலே தூக்கு'. இரண்டாவது, 'டாக்டர், பிழைத்துக்கொள்வாரா?' ரொட்டிக் கடையில் நான் வாயைத் திறந்தால் மெக்சிகோ போலீஸ்காரர் வந்துவிட்டார் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அத்தனை தொடர்களிலும் ஒரு சலவைக்காரி வந்து, நர்ஸ் படிப்பு என்று கூட்டிவந்தீர்களே, எங்கே அது என்று கேட்டதே இல்லை. திருடனை மிரட்டும் ஸ்பானிஷ் எனக்கு வந்தது. மதரைக் கேட்கும் ஸ்பானிஷ் வரவில்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அக்கா ஆரோக்கியமும் மாமாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா மதருக்குக் கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாங்க நர்ஸம்மா" என்றார். என்னை 'ஏ குட்டி' என்று கூப்பிட்டவர். அந்த 'ங்க' என் மேல் கல்லாக விழுந்தது.

எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து நாலு மைல். வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்ட என் போட்டோ மாட்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஹூலியான் மடத்தைப் பற்றிச் சினிமா எடுத்தபோது, டாக்டரிடம் இரவல் வாங்கிய கோட்டை எனக்கு மாட்டி, ஒரு கிழவர் வாயில் தெர்மாமீட்டரை வைக்கச் சொன்னார். பத்து நிமிஷம். போட்டோவில் ஒரு பிரதி கிடைத்ததும் நானே ஓடிப்போய் ஊருக்குத் தபாலில் போட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு களியும் கீரைக் கடைசலும். மதர் களியைத் தொடமாட்டார், மூஞ்சி சுளிப்பார், அதை வைத்தாவது மனசாரத் திட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கையாலேயே பிய்த்து, கீரையில் புரட்டி, மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பதையும் மாமாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, இரண்டு உருண்டை சாப்பிட்டார். எட்டு வருஷமாகக் கொண்டைக்கடலைக் கஞ்சியும் உப்புக் கண்டம் போட்ட மீனும் தின்ற எனக்குத்தான் மூன்றாவது வாயில் தொண்டையில் அடைத்தது. அக்கா முதுகில் தட்டினாள். அந்தம்மாவே சாப்பிடறாங்க பாரு என்றாள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் வாசலில் பெண்கள். கால் புண், காது வலி, மாசமாக இருப்பவளுக்கு வீக்கம். நான் நர்ஸ் அல்லவா? ஒருத்தி கைக்குழந்தையின் நெற்றியை என் கையில் ஒட்டவைத்து, "சுடுதுங்களா? ஒரு ஊசி போட்டு வுடுங்கம்மா" என்றாள். சுட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரித் தொடரில் டாக்டர் நெற்றியில் கை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார் என்பதுதான். மருந்துப் பெட்டி கொண்டுவரவில்லை, உடனே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லி, மாமாவை சைக்கிளில் அவர்களோடு விரட்டினேன். குழந்தை பிழைத்தது. நான்தான் அன்று முழுக்க யார் கண்ணையும் பார்க்கவில்லை.

வந்தவர்களில் சவேரியம்மாளும் ஒருத்தி. கீழத்தெரு, புருஷன் இல்லாதவள். அவள் மகள் பாக்கியம் மூன்று வருஷத்துக்கு முன் என் கடிதத்தையும் போட்டோவையும் பார்த்துத்தான் அதே மடத்துக்குக் கிளம்பினாள். தெற்கே இன்னொரு இல்லத்தில் சமையற்கட்டில் இருக்கிறாள். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் எண்ணெய் தெறித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"எங்க பாக்கியத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நர்சாத்தான இருக்கறா?"

"நல்லா இருக்கா அத்த" என்றேன். அவள் கேட்டது அதை அல்ல.

செலின் என்னை விட்டு நகரவே இல்லை. களை வெட்டிக் காய்த்த கையால் என் பாவாடைத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சின்னம்மா, ஸ்பானிசுல எதனாச்சும் சொல்லிக் குடுங்க, போறதுக்கு முன்னாடி கத்துக்கறேன்" என்றாள். போகாதே என்று சொன்னேன். ஏன் என்றாள். குளிர் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க நர்சு ஆவலாம், டெலிவிசன் பாக்கலாம். நான் மட்டும் இங்கயே கெடந்து களை வெட்டணுமா? நான் வந்தா உங்க மதிப்பு கொறஞ்சிடுமா?" என்றாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சுவரில் போட்டோ. அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் மேல் எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பாப்பாரப்பட்டி. வாடகை ஜீப்பின் ரேடியேட்டர் வழியில் கொதித்து, டிரைவர் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். மதர் ஜெபமாலையை எடுத்தார். வண்டி கிளம்பியதும் ஜெபத்துக்குக் கிடைத்த பலன் என்றார். கிணற்றுக்கு நடந்த டிரைவருக்கு நன்றி சொல்லச் சொல்லி நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

சந்தையில் ஹூலியான் காமிராவை எடுத்தார். தக்காளிக் குவியல், அவரைக்காய், புளி, மூக்கணாங்கயிறு, வளையல் கடை, ஜனங்கள் பேசிச் சிரிக்கிற கூட்டம். அதையெல்லாம் விட்டுவிட்டு, சந்தை முடியும் மூலையில் அழுகின தக்காளி கொட்டியிருந்த இடத்தைத் தேடிப் போனார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லு என்றார். நான் சொல்லவில்லை. "லூர்தெஸ், உனக்கு என்ன ஆயிற்று?" என்று மதர் கேட்டார். வெயில் என்றேன். பிறகு ஹூலியான் ஒரு வீட்டை எடுக்கப் போனார். பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர், முன்னால் ஒரு சைக்கிள். சைக்கிளை அப்புறப்படுத்தச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் கன்னடத்தில் தன் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "திருடன் கண்ல படாம வெக்கச் சொல்றாருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று மனசுக்கு நிறைவாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

நாலாம் நாள் சித்தேரி மலை. அங்கே கத்தோலிக்கர் யாரும் இல்லை, பெண்கள் கிடைக்க மாட்டார்கள், எதற்கு என்று கேட்டேன். ஸ்பெயினில் நன்கொடை கேட்கும்போது காட்ட நல்ல படம் கிடைக்கும் என்றார் ஹூலியான். ஜீப் மலை ஏறாது என்றார் டிரைவர். அரூரில் மலைப் பஸ்ஸும் ஆக்ஸில் உடைந்து நின்றிருந்தது. புளி ஏற்றப் போன காலி லாரியில் ஏறினோம். மதரை முன்னால் டிரைவர் பக்கம் உட்காரவைத்துவிட்டு நானும் ஹூலியானும் பின்னால் நின்றோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் காமிராப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். மேலே போனதும் காற்றில் குளிர் தெரிந்தது. ஸ்பெயினில் எட்டு வருஷமாக எலும்பில் ஏறிய குளிர் இல்லை இது. வெயிலில் நின்றால் போய்விடுகிற குளிர்.

ஒரு வீட்டில் எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். யார், எவர் என்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டு அம்மா வாசலில் சாமையைப் புடைக்க உட்கார்ந்தாள். ஹூலியான் காமிராவை வைத்து, முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொல் என்றார்.

"என்ன கேக்கறாரு?" என்றாள் அந்த அம்மா.

"வெறுங்கைய நீட்டச் சொல்றாருங்க."

"ஏன், எதனா குடுக்கப் போறாரா?"

"இல்லைங்க."

"அப்ப அவர நீட்டச் சொல்லு. ரெண்டு படி சாமை போடறேன், கொண்டு போவட்டும்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஹூலியான் அந்தச் சிரிப்பை எடுக்காமல், அது அடங்கி அவள் தூசிக்குக் கண்ணைச் சுருக்கிய நேரத்தில் எடுத்தார். அவள் என்ன சொன்னாள் என்று மதர் கேட்டதற்கு நான் அப்படியே ஸ்பானிஷில் சொன்னேன். ஹூலியான் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவள் என்ன சொன்னால் என்ன? ஊருக்குப் போய்க் குரல் போட்டுக்கொள்ளலாம்" என்றார். 'எங்கள் குழந்தைகள் பட்டினி' என்றோ, 'கடவுள் உங்களை அனுப்பினார்' என்றோ ஏதோ ஒரு ஸ்பானிஷ்காரியின் குரல் அவள் வாயில் ஏறும். அந்தச் சோற்றின் சூடு என் கையில் இன்னும் போகவில்லை. லாரியில் இறங்கி வரும்போது நான் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் எங்கள் ஊரில் சினிமா. பெண்களைப் பெற்றவர்களுக்கு மடத்தைக் காட்டிவிட்டு அங்கேயே பெயர் பதிவு செய்வதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்து நீளக் கூடத்தில் ஜன்னல்களுக்குச் சாக்கும் ஜமுக்காளமும் கட்டி, பதினோரு மணி வெயிலை வெளியே நிறுத்தினார்கள். கடத்தூரிலிருந்து சவுண்டு சர்வீஸ்காரர் ஜெனரேட்டரும் மைக்கும் கொண்டுவந்தார். பங்குச் சாமியார் கிளைக் கிராமத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் எனக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்று தெரியாது. மதர் என் கையில் டைப் அடித்த நாலு தாளைக் கொடுத்தார். படத்தின் ஸ்பானிஷ் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், நான் அதைத் தமிழில் மைக்கில் சொல்லவேண்டும்.

தாளைப் படித்துப் பார்த்தேன். 'இந்தியச் சகோதரிகள் இங்கே மருத்துவப் படிப்புப் படிக்கிறார்கள்.' 'லூர்தெஸ் இப்போது ஒரு நர்ஸ். அவளே தன் கதையைச் சொல்கிறாள்.' முதல் வரிசையில் அக்கா, மாமா, நடுவில் செலின் பட்டுப்பாவாடையில். பக்கத்தில் இன்னும் ஏழு பெண்கள், அவர்களுடைய தாய் தகப்பன்மார். சுவரோரமாகச் சவேரியம்மாள், மகள் இருக்கும் இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். வாசலோரம் ஒரு மேஜை, அதன் மேல் பெயர் எழுதும் நோட்டு, பேனா.

படம் ஓடியது. பனி மூடிய மலை வந்தது, பெரிய கோயில் வந்தது. அதற்கெல்லாம் தாளில் இருந்ததையே சொன்னேன். பிறகு நாங்கள் ஐந்து பேரும் கையில் தடிப் புத்தகங்களோடு மரங்களுக்கு நடுவே நடந்து வந்தோம். தாளில் 'வகுப்புக்குப் போகிறார்கள்' என்று இருந்தது. நான் தாளை மடித்தேன்.

"இந்தப் புஸ்தகம் எங்களுதில்ல. சினிமா புடிக்கறதுக்காகக் கையில குடுத்தாங்க. அடுத்த நிமிசமே வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.

மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சவுண்டு சர்வீஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

அடுத்து வெள்ளைக் கோட்டில் நான். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் காட்சியில் என்னைப் பேசச் சொல்லி, வாயசைத்தால் போதும், குரல் பிறகு போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்பானிஷ் படத்தில் என் வாயில் யாரோ ஒருத்தியின் குரல் இருந்தது. இப்போது அந்த வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டு, அது திறந்த நேரத்தில் மட்டும் மைக்கில் பேசினேன். எத்தனை வருஷம் டப்பிங் பார்த்தவள் நான். ஓர் அசை பிசகவில்லை.

"இது நான்தான். இந்தக் கோட்டு டாக்டரோடது. நான் நர்சு இல்ல. ஒரு நாள் கூடப் படிக்க வெக்கல. எட்டு வருசமாத் துணி தொவைக்கிறேன். உங்களுக்கு எழுதினது பூராப் பொய். அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லல, நானாத்தான் எழுதினேன். இந்தப் பொண்ணுங்க போனாலும் துணிதான் தொவைப்பாங்க, இல்லனா சமைப்பாங்க. தெரிஞ்சு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

யாரோ விசும்பினார்கள். பின்னால் மதர் கைகளைக் கோத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி ரசிப்பது படம் காட்டும் மெஷின் வெளிச்சத்தில் தெரிந்தது. உதடும் பேச்சும் ஒட்டியிருந்தன, ஜனங்கள் அழுதார்கள். அவருக்கு வேறென்ன வேண்டும்?

சாக்குகளை அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்ததும் முதலில் எழுந்தவள் அக்கா. மதரைப் பார்க்கவில்லை, என்னிடம் வந்தாள்.

"அந்த லெட்டரையெல்லாம் நான் வூடு வூடாப் போய்ப் படிச்சுக் காட்டினேனேடி."

"தெரியும்க்கா."

"கிறிஸ்மசுக்குப் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வெச்சுப் படிச்சேன்."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. செலின் மேஜைக்குப் போனாள். நோட்டைத் திறந்து, முன்கூட்டியே எழுதியிருந்த தன் பெயரைக் கண்டுபிடித்து, பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அவள் முகத்தில் நன்றி இல்லை. அவளுக்கு இருந்த ஒரு வழியை நான் அடைத்துவிட்டேன், அதுவும் பொய்யாலேயே திறந்து வைத்திருந்த வழி. மற்றப் பெண்களின் அப்பாக்கள் மேஜைப் பக்கமே போகாமல் வெளியே நடந்தார்கள்.

மதர் சிரிப்பு மாறாமல் என்னிடம் வந்து, "ஏன் போகிறார்கள்? சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுவார்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சவேரியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "அப்ப எங்க பாக்கியம்?"

"சமையக்கட்டுல இருக்கா அத்த."

"கேட்டன்ல? அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டன்ல?"

"கேட்டீங்க. சொல்லாம வுட்டுட்டேன்."

அவள் என்னை விட்டுவிட்டு மதர் பக்கம் திரும்பினாள். "இந்தம்மாகிட்ட சொல்லு. எம் பொண்ணத் திருப்பி அனுப்பச் சொல்லு. பாத்திரம் கழுவறத எங்கூட்லயே கழுவட்டும்."

அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஸ்பானிஷில் சொன்னேன். அதோடு நிற்க முடியவில்லை. மைக்கில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். எட்டு வருஷமாக வராத ஸ்பானிஷ் அப்போது வந்தது. நர்ஸ் படிப்பு என்று கூட்டிப்போனீர்கள், எங்கே அது என்று கேட்டேன். மதரின் முகம் வெளுத்தது. ஹூலியான் பெட்டியைப் பூட்டுவதை நிறுத்தினார்.

"உங்களுக்குச் சோறு போட்டோம், கூரை கொடுத்தோம்" என்றார் மதர். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

"சோறு இங்கேயும் போட்டார்கள் மதர். இரண்டு உருண்டை சாப்பிட்டீர்கள்" என்றேன். "இந்த அம்மா தன் மகளைக் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லுங்கள்."

"அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நீயாகச் சேர்த்துச் சொல்கிறாய்."

"என்ன சொல்றாங்க?" என்றாள் சவேரியம்மாள்.

"நீங்க அப்படிச் சொல்லலையாம். நானாச் சொல்றனாம்."

சவேரியம்மாள் மதரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய், வாசலை அடைத்துக்கொண்டிருந்த சினிமாப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். சேலையை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் சொன்னேன்னு அந்தம்மாவுக்குப் புரியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹூலியான் பெட்டியைப் பார்த்தார், மதரைப் பார்த்தார். வெளியே போனவர்களில் நாலைந்து பெண்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அக்காவும் அவர்களோடு போய் நின்றாள். ஜீப் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்ஜினை நிறுத்தினார். பெட்டிக்குள்தான் படம் முழுக்க இருந்தது, சந்தையும் மலையும் எல்லாம்.

வெகுநேரம் கழித்து மதர் மேஜைக்குப் போய் அந்த நோட்டை எடுத்து, ஒரு புதுத் தாளைத் திருப்பினார். சவேரியம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சரி. அந்தப் பெண்ணின் பெயர் என்ன?"

"பாக்கியம்" என்றேன்.

மதர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். எதையும் மறைக்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே தேடினார். "பாக்கியமா? இல்லையே லூர்தெஸ். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லையே."

சவேரியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போனதும் பெயரை மாற்றிவிடுவார்கள், அவள் பெயர் இப்போது கொன்சுவேலோ என்பதை அந்தத் தாயிடம் நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

"அதெல்லாம் வேணாம்" என்றாள். "பாக்கியம்னே எழுதச் சொல்லு. நான் பாத்துக்கிட்டே இருக்கறேன்."

மதர் பேனாவைத் திறந்தார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, மகளைக் கூட்டிப்போய் மூன்று வருஷம் கழித்து, அவள் பெயரை முதல் தடவையாக எழுதினார்.